ராயபுரம் ஸ்டேஷனுக்கு ரயில் வேணுமா, வேலி வேணுமா?

தண்டவாளம்:

சென்னையின் நாலாவது ரயில் முனையத்துக்குப் பெரம்பூர் பெயர் அடிபட ஆரம்பித்ததிலிருந்து ராயபுரம் ஆட்கள் மறுபடி சூடாகிவிட்டார்கள். நான் இருக்கும் வாட்ஸ்அப் குழுக்களில் இதே சண்டைதான். "இவ்வளவு இடம் கிடக்கு, ராயபுரத்தை முனையமாக்கு" என்று ஒரு கூட்டம். "அது பாரம்பரியக் கட்டடம், கை வைக்காதே" என்று இன்னொரு கூட்டம். அங்கே பேசினால் ஸ்டிக்கர்தான் பதிலாக வருகிறது. இங்கே கொஞ்சம் நிதானமாகப் பேசலாமே என்று இந்த இழை.

புதிதாக வருபவர்களுக்குச் சின்ன முன்கதை. தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் 1856 ஜூலை 1 அன்று ராயபுரத்திலிருந்துதான் கிளம்பியது. சென்ட்ரல் அப்போது கிடையாது, அது 1873. எழும்பூரின் இப்போதைய கட்டடம் 1908. மெட்ராஸ் ரயில்வே கம்பெனி வாலாஜா ரோடு வரைக்கும் பாதை போட்டு, கவர்னர் ஹாரிஸ் பிரபுவையும் வெள்ளைக்காரப் பிரமுகர்களையும் ஏற்றி அனுப்பியது. பெட்டிகள் நம்ம ஊர் சிம்சன் கம்பெனி செய்தவை.

பம்பாய்–தாணே 1853, ஹவுரா–ஹூக்ளி 1854 ஆகிய இரண்டும் இதற்கு முந்தியவை. ஆனால் அந்த வண்டிகள் கிளம்பிய பழைய ஸ்டேஷன் கட்டடங்கள் இன்று இல்லை. அதனால் துணைக்கண்டத்தில் இன்னும் நிற்கும் ஸ்டேஷன் கட்டடங்களில் பழையது என்று ராயபுரத்தைச் சொல்கிறார்கள். 2005இல் செப்பனிட்டுத் திறந்தார்கள். அதற்குப் பிறகு என்ன? புறநகர் வண்டி நின்று போகிறது, சரக்கு வண்டி கடந்து போகிறது. முகப்புத் தூண்களைப் பார்க்க யாராவது கேமராவோடு வந்தால் உண்டு.

என் கட்சி: முனையம் வரணும். பழைய கட்டடம் இருக்கட்டும், யார்டு நிலத்தில் புதிய பிளாட்பாரங்கள் வரட்டும். எதிர்க்கட்சி பேசுங்கள்.

தென்சென்னைவாசி:

ஒரு அடிப்படைச் சந்தேகம் ப்ரோ. முதல் ஸ்டேஷனை ஏன் அங்க கொண்டு போய் வச்சாங்க? கோட்டை பக்கத்துல வச்சிருக்கலாமே. நான் பிறந்து வளர்ந்தது அடையாறு. ராயபுரம்னா மீன் மார்க்கெட்டும் கன்டெய்னர் லாரியும்தான் தெரியும். தப்பா எடுத்துக்காதீங்க.

ஓய்வுபெற்ற துறைமுகம்:

தம்பி கேட்டது நல்ல கேள்வி. பதில் கொஞ்சம் நீளம்.

பிரெஞ்சுக்காரர்கள் 1746இல் சென்னையைப் பிடித்தார்கள். 1749இல் ஆங்கிலேயர் கைக்குத் திரும்பியது. 1758 கடைசியில் பிரெஞ்சுத் தளபதி லாலி வந்து மறுபடி முற்றுகை போட்டான். இந்த அனுபவத்தில் கிழக்கிந்தியக் கம்பெனிக்காரன் ஒன்று கற்றுக்கொண்டான்: கோட்டையை ஒட்டி ஊர் இருந்தால் எதிரி ஊருக்குள் ஒளிந்து சுடுவான். அதனால் கோட்டையை ஒட்டி இருந்த பழைய கறுப்பர் நகரத்தை இடித்து வெட்டவெளி ஆக்கினான். உயர் நீதிமன்றம் நிற்கும் இடம் அந்த வெட்டவெளிதான். ஊர் வடக்கே தள்ளிப் போயிற்று. 1760களில் அந்தப் புது ஊருக்கு வடக்கிலும் மேற்கிலும் மதில் எழுப்பினார்கள். ஒப்பந்தக்காரர் பால் பென்ஃபீல்டு. மதிலுக்கு ஆன செலவை ஜனங்களிடம் வரியாகப் பிடுங்க நினைத்து முடியாமல் போனதன் ஞாபகம்தான் வால்டாக்ஸ் (மதில் வரி) ரோடு.

ராயபுரம் அந்த வடக்கு மதிலுக்கு வெளியே இருந்த இடம். மதிலுக்கு உள்ளே செட்டியார்கள், ஆர்மீனியர்கள், குஜராத்திகள் என்று வியாபாரம் நெருக்கியடிக்கிறது. வெளியே வந்தால் கடற்கரை, காலி மணல், படகுக்காரர் குப்பம். ரயில் கம்பெனிக்குச் சரக்கு வேண்டும், நிலமும் வேண்டும். இரண்டும் ஒரு மதிலுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் கிடைத்தது. கோட்டையைச் சுற்றி நிலம் பட்டாளத்தின் பிடியில். அங்கே எப்படி வைப்பான்?

அந்த மதிலில் மிச்சம் கிடக்கும் துண்டுதான் பழைய ஜெயில் ரோட்டில் இருக்கும் மாடிப் பூங்கா. மதிலின் மேலேயே பூங்கா. பக்கத்தில் பாரதி மகளிர் கல்லூரி இருக்கிறதே, அதுதான் பழைய ஜெயில்.

கல்மண்டபத்துக்காரி:

ஐயா சொன்னதுல படகுக்காரங்களை ஒரே வார்த்தையில தாண்டிட்டீங்க. ஊர்ப் பேரே அவங்க குடுத்ததுதான். ராயப்பர் (செயின்ட் பீட்டர்) கோயில் இல்லேன்னா ராயபுரம் ஏது? உங்களுக்குத் தெரியாததா, சொல்லுங்க.

ஓய்வுபெற்ற துறைமுகம்:

சொல்லாமல் விடுவேனா அம்மா. எங்கள் பாட்டனார் வீட்டுப் பேச்சே அதுதான்.

அப்போது சென்னைக்குத் துறைமுகம் கிடையாது. கரையெல்லாம் அலை. கப்பல்கள் தொலைவில் நங்கூரம் போட்டு நிற்கும். அங்கிருந்து கவர்னரானாலும் சரி, கவர்னர் வீட்டுப் பியானோவானாலும் சரி, மசூலாப் படகில்தான் கரைக்கு வரணும். அந்தப் படகில் ஆணியே இருக்காது. பலகைகளைத் தென்னங்கயிற்றால் தைத்திருப்பார்கள். ஆணி அடித்த படகு அலையில் மோதினால் பிளந்துபோகும். தைத்த படகு நெளிந்து கொடுத்துத் தப்பிக்கும். ஆள் தவறி விழுந்தால் தூக்க, கட்டுமரங்கள் கூடவே வரும். வெள்ளைக்காரப் பயணிகள் எழுதிய சென்னைக் குறிப்புகளில் பாதி, இந்தப் படகில் நனைந்த கதைதான்.

கம்பெனியின் மொத்தக் கடல் வியாபாரமும் இவர்கள் தோள்மேல் நடந்தது. அந்தச் சமூகம்தான் 1820களில் புனித ராயப்பர் தேவாலயத்தை எழுப்பியது. துரைகள் கட்டிக்கொடுத்த கோயில் இல்லை அது. ஜூன் கடைசியில் தேர் வரும்போது பாருங்கள், யாருடைய கோயில் என்று தெரியும்.

1861இல் இரும்புத் தூண்கள் மேல் கப்பல் பாலம் வந்தது. 1875இல் வேல்ஸ் இளவரசர் வந்தபோது துறைமுகத்துக்கு அடிக்கல். வேலை முடியும் தறுவாயில் 1881 நவம்பர் புயல் சுவர்களை அடித்துப் போட்டது. மறுபடி கட்டி 1896 ஆயிற்று. பிறகு துறைமுகத் தலைவர் பிரான்சிஸ் ஸ்பிரிங் காலத்தில் கிழக்கு வாசலை அடைத்து வடகிழக்கில் வாசல் வைத்தார்கள். அதோடு மசூலாப் படகுக்கு வேலை முடிந்தது. படகில் இருந்தவர்களின் பிள்ளைகள் துறைமுகக் கூலிக்கும், ரயில்வே யார்டுக்கும், மீன்பிடிக்கும் பிரிந்தார்கள். என் குடும்பமும் அப்படித்தான் கரையேறியது.

பழைய ஓடு:

அருமையான பதிவு ஐயா. அந்தத் துறைமுகச் சுவரோடு இன்னொரு கணக்கும் இருக்கிறது. நான் கட்டடப் பாதுகாப்பு வேலையில் இருப்பவன், அதனால் கட்டடத்தைவிட நிலத்தை முதலில் பார்ப்பேன்.

நம் கடற்கரையில் ஆண்டின் பெரும்பகுதி மணல் தெற்கிலிருந்து வடக்கே நகர்கிறது. துறைமுகச் சுவர் குறுக்கே நின்றதும் மணல் தெற்கில் தேங்கியது. அப்படித் தேங்கித்தான் மெரினா அகலமாயிற்று. கவர்னர் கிராண்ட் டஃப் 1880களில் அங்கே உலாச் சாலை போட்டு மெரினா என்று பெயர் வைத்தார். வடக்கே வரவேண்டிய மணல் வரவில்லை. கடல் மட்டும் வந்தது. ராயபுரம் கரை கரைந்துகொண்டே போய், இன்று எண்ணூர் வரைக்கும் பாறாங்கல் கொட்டித்தான் சாலையையும் வீடுகளையும் பிடித்து நிறுத்தியிருக்கிறோம். தென்சென்னைக்குக் கிடைத்த கடற்கரை வடசென்னை இழந்த கடற்கரை என்று நான் வகுப்பில் சொல்வதுண்டு. ஒரு தடவை ஒரு பையன் "அப்போ மெரினாவுக்கு நாங்க வாடகை கேக்கலாமா சார்" என்றான். அவன் வடசென்னைக் காசிமேட்டுக்காரன்.

தென்சென்னைவாசி:

இது எனக்கு சத்தியமா தெரியாது. மெரினா எப்பவும் இப்படியேதான் இருந்துச்சுன்னு நினைச்சேன்.

தண்டவாளம்:

இழை நல்ல இடத்துக்குப் போகிறது, ஆனால் ஸ்டேஷனை விட்டுவிடாதீர்கள். பழைய ஓடு சார், சட்டப்படி அந்தக் கட்டடம் பத்திரமா?

பழைய ஓடு:

பாதி பத்திரம். சென்னையில் நீதிபதி பத்மநாபன் குழு 467 கட்டடங்களைப் பட்டியல் போட்டது, உயர் நீதிமன்றமும் 2010இல் அதை ஏற்றது. தமிழ்நாடு பாரம்பரிய ஆணையத்துக்கான சட்டம் 2012இல் நிறைவேறியது. அது நடைமுறைக்கு வரப் பல வருடம் பிடித்தது. ரயில்வே நிலம் மத்திய அரசு நிலம் என்பதால் அவர்கள் தனி ராஜாங்கம். மாடிப் பூங்கா மதில் மட்டும் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கிறது.

ஆனால் என் கவலை வேறு. இந்தப் பட்டியல்கள் எல்லாமே தனித்தனிக் கட்டடத்தைப் பார்க்கின்றன. ராயபுரத்தின் சிறப்பு தனிக் கட்டடத்தில் இல்லை. மதில், அதற்கு வெளியே தேவாலயம், அதற்கு அப்பால் ஸ்டேஷன், எதிரே கடல், பின்னால் ஆஸ்பத்திரி என்று ஒன்றை ஒன்று விளக்கும் வரிசை அது. ஸ்டேஷனுக்கு மட்டும் வேலி போட்டுவிட்டுச் சுற்றி எதையும் கட்டலாம் என்றால் அந்த வரிசை போயிற்று. அதனால் நான் வேலிக்கட்சியும் இல்லை, முனையக்கட்சியும் இல்லை.

கல்மண்டபத்துக்காரி:

சார் சொன்னதை வேற மாதிரி சொல்றேன். ராயபுரத்துல எது எது பொழைச்சிருக்குன்னு பாருங்க.

கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி. ஹைதர் அலி சண்டை நேரத்துல, 1782 பஞ்சத்துல, ஒரு மணியக்காரர் கஞ்சி ஊத்த ஆரம்பிச்ச சத்திரம் அது. 1799ல அங்கயே வைத்தியமும் ஆரம்பிச்சாங்க. அதுவே வளர்ந்து 1930கள்ல கவர்னர் பேர்ல ஸ்டான்லி ஆச்சு, மெடிக்கல் காலேஜும் வந்துச்சு. எங்க பாட்டி கடைசி வரைக்கும் ஸ்டான்லின்னு சொன்னதில்ல, "கஞ்சித்தொட்டிக்குப் போய்ட்டு வரேன்"னுதான் சொல்லும். கஞ்சி வாங்க வந்த அதே மாதிரி ஜனம்தான் இன்னிக்கும் சீட்டு வாங்க நிக்குது. பக்கத்துல ஆர்.எஸ்.ஆர்.எம். பிரசவ ஆஸ்பத்திரி. எங்க தெருவுல முக்கால்வாசிப் பேருக்குப் பிறந்த ஊர் அதுதான். நானும் என் பொண்ணும் அங்கதான் பிறந்தோம்.

ராயப்பர் கோயில் பொழைச்சிருக்கு, ஏன்னா பூசை நடக்குது. சூஃபி ஞானி குணங்குடி மஸ்தான் தர்கா பொழைச்சிருக்கு, ஏன்னா வியாழக்கிழமை ஆளு வருது. மாதா கோயில் தெரு பக்கம் பார்சிக்காரங்க அக்னிக் கோயில் இருக்கு. 1910ல கட்டினது, தமிழ்நாட்டுலயே அவங்களுக்கு அது ஒண்ணுதான். மகனைப் பறிகொடுத்த கிளப்வாலா அந்தப் பையன் பேர்ல கட்டினது. பார்சி இல்லாதவங்க உள்ள போக முடியாது. ஆனா வாசல்ல நின்னு பாத்தாலே தெரியும், ஒரு செங்கல் பெயரல. இருக்கறது கொஞ்சம் குடும்பம்தான், இருந்தும் நெருப்பு அணையல.

ஸ்டேஷன் மட்டும் ஏன் பெயிண்ட் அடிச்சு அடிச்சும் பாழாத் தெரியுது? அங்க வேலை இல்ல, அதான். பட்டுப் புடவையை பீரோவுலயே வெச்சிருந்தா மடிப்புல கிழியும். கட்டினாத்தான் இருக்கும். அதனால நான் முனையக் கட்சி. ஆனா ஒரு கண்டிஷன் இருக்கு, அப்புறம் வரேன். குக்கர் விசில் அடிக்குது.

பழைய_கழகம்:

எல்லாம் பேசறீங்க, ராபின்சன் பூங்காவை விட்டுட்டீங்களே! 1949 செப்டம்பர்ல கொட்டுற மழையில தி.மு.க. தொடக்கக் கூட்டம் நடந்த இடம். தமிழ்நாட்டோட அடுத்த எழுபது வருஷ அரசியல் அந்தப் பூங்காவுல ஆரம்பிச்சது. பாரம்பரியம்னா வெள்ளைக்காரன் கட்டின தூண் மட்டும்தானா? அந்தக் கூட்டத்துக்கு அப்புறம்தான் இந்த நாட்டுக்கு

நெறியாளர்:

பழைய_கழகம் பதிவின் பிற்பகுதியும் அதற்கு வந்த பதில்களும் நீக்கப்பட்டன. பூங்காவைப் பற்றிப் பேசலாம், தேர்தலைப் பற்றி இங்கே வேண்டாம்.

ஓய்வுபெற்ற துறைமுகம்:

நெறியாளர் கத்தரித்தது சரி, ஆனால் அவர் கேட்டதில் நியாயம் உண்டு. இப்போது அது அறிஞர் அண்ணா பூங்கா. அங்கே ஏன் கூட்டம் போட்டார்கள் என்று யோசியுங்கள். துறைமுகம், ரயில்வே, பின்னி மில், அச்சகம் என்று கூலிக்குப் போகும் ஆயிரக்கணக்கான ஆள் நடந்து வரும் தூரத்தில் இருந்த திறந்தவெளி அது. மேடைப் பேச்சைக் கேட்கவும் படிப்பகத்தில் பத்திரிகையை உரக்கப் படிக்கவும் பழகிய ஜனம். இந்தக் கூட்டத்தை எந்தப் பட்டியலில் ஏற்றுவீர்கள்?

அதேபோல ரயில்வே ஆங்கிலோ-இந்தியர்கள். டிரைவர், கார்டு, ஃபயர்மேன் என்று ராயபுரத்தில் எத்தனை குடும்பங்கள்! கிறிஸ்துமஸ் வந்தால் அந்தத் தெருக்களில் பியானோ கேட்கும், கேக் வாசனை வரும். சுதந்திரத்துக்குப் பிறகு பலர் ஆஸ்திரேலியாவுக்கும் இங்கிலாந்துக்கும் கப்பலேறினார்கள். அவர்கள் வீடுகள் இடிந்து அடுக்குமாடி ஆயின.

தண்டவாளம்:

அக்கா கண்டிஷனுக்காகக் காத்திருக்கிறேன். அதற்குள் முனையத்துக்கான என் வாதத்தை வைக்கிறேன்.

சென்ட்ரலுக்குப் போகும் எல்லா வண்டியும் பேசின் பிரிட்ஜ் சந்திப்பில் நெரிந்துதான் உள்ளே போக வேண்டும். பத்து நிமிடத் தூரத்தில் வந்து அரை மணி நேரம் சிக்னலுக்கு நிற்பது எல்லாருக்கும் பழக்கம். எழும்பூரிலிருந்து வடக்கே போகும் வண்டிகள் பீச் ஸ்டேஷன் வழியாக ராயபுரத்தைக் கடந்துதான் கொருக்குப்பேட்டை போகின்றன. அதாவது தெற்கு, வடக்கு, மேற்கு மூன்று பாதைக்கும் ராயபுரம் கைக்கெட்டும் இடம். இதைச் சொல்லி உயர் நீதிமன்றம் வரைக்கும் வழக்கு போனது. மூன்றாவது முனையம் தாம்பரத்துக்குப் போயிற்று. வடக்கே இருப்பவனுக்கு எப்போதும் "பரிசீலனையில் இருக்கிறது" என்ற ஒரே பதில்.

மெட்ரோவிலும் இதே கதை. 2021 பிப்ரவரியில் வண்ணாரப்பேட்டை–விம்கோ நகர் நீட்டிப்பு திறந்தபோது தியாகராயா கல்லூரி, தண்டையார்பேட்டை, காலடிப்பேட்டை எல்லாவற்றுக்கும் நிலையம். ரயில் பிறந்த ராயபுரத்தின் பெயரில் ஒன்றும் இல்லை.

பழைய ஓடு:

போக்குவரத்து வாதம் எனக்கும் சரியாகவே படுகிறது. ஆனால் முனையம் என்பது பிளாட்பாரம் மட்டுமா? பார்சல் அலுவலகம், கார் நிறுத்தம், ஆட்டோ, லாட்ஜ், சாப்பாட்டுக் கடை, மேம்பாலம். பெரியமேட்டில் சென்ட்ரலைச் சுற்றி என்ன ஆயிற்று என்று பாருங்கள். ராயபுரத்தில் நிலத்தின் விலை ஏறும். ஏறினால் முதலில் போவது வாடகைக்கு இருப்பவர்கள். ஓட்டு வீடு, திண்ணை வீடு கொஞ்சநஞ்சம் இருப்பதும் அடுத்த வருடம் இருக்காது. ஸ்டேஷன் பிழைத்து, ராயபுரம் போய்விடும்.

கல்மண்டபத்துக்காரி:

அதேதான் என் கண்டிஷன். சார் முந்திக்கிட்டார்.

விடிகாலை ரெண்டு மூணு மணிக்கு காசிமேட்டுல ஏலம். ஐஸ் வண்டி, மீன் பாடி வண்டி, கூடைக்காரப் பொம்பளைங்க எல்லாம் அதே ரோடு. துறைமுகத்துக்கு வரிசைகட்டி நிக்கிற கன்டெய்னர் லாரியும் அதே ரோடு. இதுல ரயில் ஏற வர்ற டாக்சியையும் விட்டா யாரை ஒதுக்குவாங்க? லாரியை ஒதுக்க மாட்டாங்க. கூடையைத்தான் ஒதுக்குவாங்க. இப்பவே "பாரம்பரிய நடை"ன்னு கழுத்துல ஐடி கார்டு மாட்டிக்கிட்டு வர்றவங்க மூக்கைப் பொத்திக்கிட்டுத்தான் நடக்கறாங்க. ஒருத்தர் என்கிட்ட, "இந்த மீன் கடையெல்லாம் இல்லேன்னா இந்தத் தெரு எவ்ளோ அழகா இருக்கும்"னார். அந்தத் தெரு இருக்கறதே மீனாலதான் சார்னு சொன்னேன். புரிஞ்சுதா தெரியல.

அதனால என் கேள்வி ஒண்ணுதான். முனையத்தோட வாசல் எந்தப் பக்கம்? கடல் பக்கம் வெச்சா காசிமேடு நாறிடும். மேற்கே, ஸ்டான்லி பக்கம் வெச்சா ஆம்புலன்ஸ் மாட்டிக்கும்.

தென்சென்னைவாசி:

அக்கா, அப்போ முனையமே வேணாம்னு சொல்றீங்களா?

கல்மண்டபத்துக்காரி:

இல்ல தம்பி. வரட்டும். ராத்திரி வெளியூர் போக மூட்டை தூக்கிக்கிட்டு எழும்பூர் வரைக்கும் ஆட்டோவுக்கு அழுவறது யாரு? நாங்கதான். வாசல் எங்கன்னு எங்ககிட்ட கேட்டுட்டு வரட்டும்னு சொல்றேன்.

ஓய்வுபெற்ற துறைமுகம்:

அம்மா சொல்வதில் ஒரு வழி இருக்கிறது. பழைய கட்டடத்தையே கால்நடைப் பயணிகளின் வாசலாக வைக்கலாம். டிக்கெட் கவுன்டரும் காத்திருப்புக் கூடமும் அங்கே இருக்கட்டும். 1856இல் அதற்குத்தானே கட்டினார்கள். வண்டியில் வருபவர்களுக்கு யார்டின் வடகோடியில் தனி வாசல். சரக்கு லாரிகளுக்குத் துறைமுகத்துக்குள்ளேயே நிறுத்தம் கொடுத்தால் சாலை பாதி காலியாகும். அந்த லாரி வரிசையை வேலையில் இருந்த காலம் முழுக்க உள்ளிருந்து பார்த்தவன் நான். அது இடமில்லாததால் வரும் வரிசை இல்லை, கேட்டில் காகிதம் பார்க்கும் வேகத்தால் வரும் வரிசை.

பழைய ஓடு:

முன் கூடத்தைப் பயணிகளுக்கே திருப்பிக் கொடுப்பது பாதுகாப்பு விதிகளுக்கும் ஒத்து வரும். உள்சுவரை இடிக்காமல், பளிங்கு ஒட்டாமல், சுண்ணாம்புப் பூச்சைச் சுண்ணாம்பாலேயே செப்பனிட்டால் போதும். பழைய செங்கல் மேல் சிமென்ட் பூசினால் உள்ளே ஈரம் அடைபட்டுச் சுவர் உப்புப் பூத்து உதிரும். கடலோரத்தில் இன்னும் வேகமாக. 2005 வேலையைப் பற்றி நான் எதுவும் சொல்லவில்லை. இனி செய்வதை யார் செய்கிறார்கள் என்று டெண்டரிலேயே எழுத வேண்டும்.

மேலும் ஒன்று. கட்டடத்துக்கு மட்டும் கேட்காதீர்கள். மாடிப் பூங்காவிலிருந்து ஸ்டேஷன் வரைக்குமான தெருக்களை ஒரே வட்டாரமாகக் குறித்து, அங்கே உயரக் கட்டுப்பாடு கேளுங்கள். வாடகைதாரருக்கு அது முழுக் காப்பு ஆகாது, ஆனால் இடிக்கும் அவசரம் குறையும்.

பழைய_கழகம்:

பூங்காவையும் அந்த வட்டாரத்துக்குள்ள சேருங்க. நெறியாளர் கவனிக்க, தேர்தல் பேசல.

தண்டவாளம்:

சரி, எழுதுகிறேன். மனுவில் நாலு விஷயம் வைக்கிறேன்: யார்டு நிலத்தில் முனையம்; பழைய கூடம் பயணிகள் வாசல்; மாடிப் பூங்கா, அண்ணா பூங்கா, ராயப்பர் கோயில், ஸ்டேஷன் சேர்த்து ஒரே பாரம்பரிய வட்டாரம்; வாசல் எங்கே என்று முடிவு செய்யும் முன் காசிமேட்டிலும் கல்மண்டபத்திலும் கருத்துக் கேட்புக் கூட்டம், அதுவும் ஏலம் நடக்காத நேரத்தில். ரயில்வே கோட்ட மேலாளருக்கு ஒன்று, பெருநகர வளர்ச்சிக் குழுமத்துக்கு ஒன்று.

அக்கா, கூட்டத்துக்கு எந்த நேரம் சரிப்படும்?

கல்மண்டபத்துக்காரி:

சாயங்காலம் நாலு மணிக்கு மேல. ஞாயித்துக்கிழமை மட்டும் வேணாம், அன்னிக்குத்தான் யாவாரம். வரைவைத் தமிழ்லயே போடு, எங்க தெருவுல படிச்சுக் காட்டி கையெழுத்து வாங்கித் தரேன்.